கல்லீரல் நோயில் வயிற்று நீர்: அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர், தன் அப்பாவைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது. குடிப்பழக்கம் கிடையாது, பல வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, அது முற்றி, இரண்டு வருடத்துக்கு முன் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிப்போகும் நோய், என்று கண்டுபிடித்தார்கள். நான்கு மாதத்துக்கு முன் வயிறு உப்ப ஆரம்பித்தது. ஸ்கேனில் நடுத்தர அளவு நீர் தெரிந்ததால் ஸ்பைரனோலாக்டோன் 100 மி.கி., ஃப்யூரோசிமைடு 40 மி.கி. என, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் இரண்டு 'நீர் மாத்திரைகள்' கொடுத்திருக்கிறார்கள். ஊசி போட்டு நீரை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, "ஒரு தடவை எடுத்தால் அப்புறம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்" என்று பெரியப்பா தடுத்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (காமாலை நிறமி) 2.1, ஆல்புமின் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்) 2.8, ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் திறனின் அளவு) 1.4, சோடியம் 131, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 1.0. வாசகியின் தம்பி இவற்றை இணையத்தில் போட்டுக் கணக்கிட்டதில், கல்லீரல் நோயின் தீவிரத்தை அளக்கும் மெல்ட் ஸ்கோர் 13 என்று வந்தது. 13 என்றால் ஆபத்து குறைவு என்று படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வாசகிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "அடுத்து என்ன சிக்கல் வரும், எப்போது வரும் என்று கணிக்க முடியுமா? நீர் எடுப்பது ஆபத்தா? நீர் வரும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே தெரிந்துகொண்டிருக்க முடியுமா? நோயின் நிலையை அப்பாவிடம் சொல்லவே கூடாது என்கிறார் அம்மா, அது சரியா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

இவற்றுக்கு நடுவே போகிற போக்கில் வேறு சில விஷயங்களும் எழுதியிருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொன்னதால் சோடியம் குறைந்த 'ஆரோக்கிய உப்பு' வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். முழங்கால் வலிக்கு அப்பா அவ்வப்போது ஐபுபுரோஃபென் போட்டுக்கொள்கிறார். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் முன்பு எழுதிக்கொடுத்த டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை இன்னும் ஓடுகிறது. நீர் சீக்கிரம் வடியட்டும் என்று போன வாரம் ஃப்யூரோசிமைடை இரண்டு மாத்திரையாக்கினார்கள். மூன்றே நாளில் 4 கிலோ குறைந்தது. காலில் வீக்கம் முன்பே வடிந்துவிட்டது. தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான். "சமீபமாகப் பகலெல்லாம் தூங்குகிறார், ராத்திரி உட்கார்ந்திருக்கிறார். வயசாகிறதல்லவா?" என்று ஒரு வரி.

முதலில், இன்றைக்கே

உங்கள் கேள்விகளைவிட அந்தப் 'போகிற போக்கில்' எழுதிய பத்திதான் என்னை நிறுத்திவைத்தது. நீங்கள் கேட்கும் கணிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் பதிலை அங்கிருந்து தொடங்குகிறேன்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கிற மாத்திரை. டெல்மிசார்டனும் அதையேதான் செய்யும். நீண்டநாள் சர்க்கரை நோயில் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதும் மந்தமாகும். நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கலாம். அதற்கு முன் வலியோ வேறு அறிகுறியோ இல்லாமலும் போகலாம். அந்த உப்பை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள்: சமையல், பாக்கெட் உணவு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 5 கிராம், ஏறத்தாழ ஒரு டீஸ்பூன்.

ஐபுபுரோஃபெனும் இன்றோடு நிற்க வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற அதன் உறவுக்கார மாத்திரைகளும் வேண்டாம். வயிற்றில் நீர் கோர்த்தவருக்குச் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டமே சில ரசாயனங்களை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வலி மாத்திரைகள் அவற்றைத்தான் தடுக்கின்றன. வலி தாங்க முடியாவிட்டால் மருத்துவரைக் கேட்டுப் பாராசிட்டமால் தரலாம், ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராமுக்கு மேல் போகாமல். 'பாராசிட்டமால் கல்லீரலுக்கு ஆகாது, மற்றது பரவாயில்லை' என்று பலர் நினைக்கிறார்கள். சிரோசிஸில் நிலைமை நேர் எதிர்.

டெல்மிசார்டனை அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் கல்லீரல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். வயிற்று நீர் உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்தைப் பொதுவாகத் தவிர்ப்போம். அப்பா இதைச் சாப்பிடுகிறார் என்பதே அந்த மருத்துவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு டாக்டர்களிடம் காட்டும் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் கொட்டிக் காட்டுங்கள்; பெயர் சொல்வதைவிட அது பத்திரம்.

ஃப்யூரோசிமைடைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டு, அதையும் அதே போனில் சொல்லுங்கள். மூன்று நாளில் 4 கிலோ குறைந்தது நல்ல செய்தி இல்லை. வயிற்றிலுள்ள நீர் ரத்தத்துக்குள் திரும்பி வரும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு அரை கிலோ, வீக்கம் உள்ளவருக்கு அதிகபட்சம் 1 கிலோ. அதைத் தாண்டிக் குறைந்தால் போவது வயிற்று நீர் அல்ல, ரத்தக் குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர். அதன் விலையைக் கொடுப்பது சிறுநீரகம்.

கிரியாட்டினின் 1.0க்குப் பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும். நீங்கள் அனுப்பிய பழைய ரிப்போர்ட்டில், இரண்டு மாதத்துக்கு முன், அது 0.7. நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. தசை கரைந்துபோன உடம்பில் கிரியாட்டினின் இயல்பாகவே குறைவாகக் காட்டும் என்பதால் உண்மை நிலை இன்னும் மோசமாக இருக்கலாம். அதுவும் மாத்திரையை இரட்டிப்பாக்குவதற்கு முன் எடுத்த அளவு. அதனால் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் இன்றோ நாளையோ மறுபடி பார்த்துவிடுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்க வேண்டாம்.

அப்புறம் அந்தத் தூக்கம். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது வயதினால் வந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லீரல் வடிகட்டாமல் விட்ட அம்மோனியா போன்ற பொருட்கள் மூளையை மந்தமாக்கும்போது முதலில் தெரிவது இதுதான். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள்: ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து, அப்பாவை மிருகங்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். சட்டென்று பதினைந்து, இருபது வந்தால் நல்லது. பத்துக்கும் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். விரல்கள் கொடி அசைவதுபோல விட்டுவிட்டுத் துவண்டு விழுந்தால் அன்றைக்கே மருத்துவமனை. எது எப்படியானாலும் தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

13 என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

மெல்ட் ஸ்கோர் 2000ஆம் ஆண்டு வாக்கில் உருவானது. கல்லீரலுக்குள் ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் டிப்ஸ் என்ற சிகிச்சை செய்துகொண்டவர்களில் யார் பிழைப்பார்கள் என்று பார்ப்பதற்காகச் செய்த கணக்கு அது. பிறகு 2002இல் அமெரிக்காவில் மாற்றுக் கல்லீரலை யாருக்கு முதலில் தருவது என்று வரிசைப்படுத்த அதை எடுத்துக்கொண்டார்கள். அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: அடுத்த மூன்று மாதத்தில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து? நீர் கூடுமா, அதில் கிருமி தொற்றுமா, சிறுநீரகம் இறங்குமா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. வயிற்றில் நீர் இருக்கிறதா என்றே அந்தக் கணக்கு கேட்பதில்லை.

தம்பி போட்டுப் பார்த்தது பழைய சூத்திரம். அதில் பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின் மூன்றுதான் வரும். நீர் கோர்த்தவர்களில் சோடியம் குறைவது தனியான ஆபத்து அறிகுறி என்று தெரிந்த பிறகு அதையும் சேர்த்தார்கள். அப்பாவின் 131ஐயும் சேர்த்தால் 13 என்பது 18 ஆகிறது. ஆல்புமினையும் சேர்க்கும் புதிய மெல்ட் 3.0 கணக்கிலும் ஏறத்தாழ அதே 18தான். ரத்தம் அதே ரத்தம், எண் மட்டும் வேறு. தம்பியைக் கோபிக்காதீர்கள், பழைய சூத்திரம் வைத்த பக்கங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

சைல்டு-பியூ என்று அதைவிடப் பழைய முறை ஒன்று உண்டு. அதில் நீருக்கும் மூளை மந்தத்துக்கும் மதிப்பெண் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு 9 வருகிறது, அதாவது பி வகுப்பின் கடைசிப் படி. அந்தத் தூக்க மாற்றம் நான் சந்தேகிப்பதுதான் என்றால் 10 ஆகி சி வகுப்புக்குப் போய்விடுவார். 'வயசாகிறதல்லவா' என்று கடந்துபோன ஒரு வரி ஒரு வகுப்பையே மாற்றுகிறது.

ரிப்போர்ட்டைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே கணித்துவிடுமாமே என்று தம்பி கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் தகவல்களைப் படித்து ஆபத்தைச் சதவீதமாகச் சொல்லும் மாதிரிகள் வந்துகொண்டிருக்கின்றன. 'இதே எண்கள் உள்ள நூறு பேரில் இத்தனை பேருக்கு' என்பதுதான் அவை சொல்வது. அந்த நூறு பேரில் ஐபுபுரோஃபென் சாப்பிட்டவர் யார், மாத்திரையை இரட்டிப்பாக்கியவர் யார் என்று பெரும்பாலும் அவற்றுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

நான் எப்படிக் கணிப்பேன் என்று சொல்கிறேன். தழும்பேறிய கல்லீரல் வழியாக ரத்தம் போக முடியாமல், குடலிலிருந்து வரும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அதனால் வயிற்றுப் பகுதியின் நாளங்கள் விரிந்து, ரத்தம் அங்கேயே தேங்குகிறது. மற்ற இடங்களில் ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் நினைத்துக்கொண்டு உப்பைப் பிடித்துவைக்கிறது. உப்பின் பின்னாலேயே நீரும் நிற்கிறது. உடம்பில் லிட்டர் கணக்கில் நீர் இருந்தும் சிறுநீரகம் வறட்சியில் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. இந்த நிலையில் இருப்பவரைத் தள்ளிவிடச் சின்னக் காரணம் போதும்: ஒரு தொற்று, ரத்த வாந்தி, வயிற்றுப்போக்கு, அளவு மீறிய நீர் மாத்திரை, வலி மாத்திரை, போர்ட்டல் குழாயில் ரத்தக் கட்டி, கல்லீரலில் புதிதாகப் புற்றுநோய். சிக்கல் வரும் தேதியை யாராலும் சொல்ல முடியாது. விளிம்பில் நிற்கிறாரா, எது தள்ளும் என்பதைச் சொல்ல முடியும். அப்பா விளிம்புக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். தள்ளக்கூடியவற்றில் இரண்டு மூன்று உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கின்றன.

இரண்டு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்குமா என்ற கேள்விக்கு: ஓரளவு, ஆம். ஃபைப்ரோஸ்கேன் எனும் கருவியில் கல்லீரலின் இறுக்கம் 15 கிலோபாஸ்கலுக்கு மேல் போகாமல், தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் ஆபத்தான அழுத்தம் இல்லை என்று சொல்லலாம். 25ஐ எட்டினால் அனேகமாக இருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களிடம் மட்டும் அந்த அளவை அவ்வளவு நம்ப முடியாது. அழுத்தம் ஏறியவர்களுக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்தால் நீர் கோர்ப்பது குறைகிறது என்று 2019இல் வெளியான ஸ்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. சிரோசிஸ் இருந்தும் நீர் இன்னும் வராதவர்கள் இதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. குற்ற உணர்ச்சி வேண்டாம். அந்தச் சமயத்தில் எல்லா இடங்களிலும் இதைச் செய்துகொண்டிருக்கவில்லை.

நீர் எடுத்தால் பழகிவிடுமா?

பெரியப்பா சொன்னதை நான் வாரம் தவறாமல் யாராவது ஒருவர் வாயிலிருந்து கேட்கிறேன். அவர் கண்ணால் பார்த்தது உண்மைதான்: நீர் எடுத்தவர்களுக்கு மறுபடி நீர் சேர்ந்திருக்கும். ஆனால் சேர்ந்ததற்குக் காரணம் ஊசி இல்லை. மேலே சொன்ன அழுத்தமும் உப்பும் அப்படியே இருப்பதால் சேர்கிறது. எடுக்காவிட்டாலும் சேர்ந்திருக்கும்.

நான்கு மாதமாக அந்த நீரில் ஒரு துளிகூடப் பரிசோதிக்காமல் இருப்பதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முதல்முறை நீர் கோர்த்த எவருக்கும் அதை எடுத்துப் பார்ப்பது அடிப்படை. இடுப்புக்குச் சற்று மேலே, பெரும்பாலும் இடது பக்கம், ஸ்கேன் பார்த்து இடம் குறித்து, மரத்துப்போக ஊசி போட்டு, சிரிஞ்சில் கொஞ்சம் எடுப்பார்கள். சில நிமிட வேலை. ஐ.என்.ஆர். 1.4 இருப்பதால் ரத்தம் நிற்காமல் கொட்டும் என்ற பயம் வேண்டாம். பெரிய ரத்தக்கசிவு மிக அரிது.

அந்தக் கொஞ்சம் நீர் மூன்று விஷயங்களைச் சொல்லும். ரத்த ஆல்புமினிலிருந்து நீரின் ஆல்புமினைக் கழித்தால் 1.1 அல்லது அதற்கு மேல் வந்தால் காரணம் போர்ட்டல் அழுத்தம். குறைந்தால் காசநோய், புற்றுநோய் என்று வேறு பக்கம் தேட வேண்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் கிருமி தொற்றிவிட்டது. மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: நீரில் மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே இருந்தால், கிருமியோடு சண்டை போட அந்த நீரில் சரக்கு இல்லை என்று பொருள். அதோடு பிலிருபின் 3ஐ எட்டி சைல்டு-பியூ 9 ஆகவோ மேலாகவோ இருப்பது, அல்லது சோடியம் 130க்கு இறங்குவது, கிரியாட்டினின் 1.2ஐத் தொடுவது என்று ஏதாவது சேர்ந்தால், தொற்று வருவதற்கு முன்பே தடுப்பு மாத்திரை தரலாமா என்று மருத்துவர் யோசிப்பார். அப்பாவின் சோடியம் 131. அவர் அந்தக் கோட்டிலிருந்து ஒரே ஒரு புள்ளி தூரத்தில் இருக்கிறார்; நீரின் புரதம் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது.

இந்தத் தொற்று நிறையப் பேருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ இல்லாமல் வரும். பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைவது, சட்டென்று சோர்வு, அவ்வளவுதான். அதனால்தான் சிரோசிஸ் நீர் உள்ளவர் எந்தக் காரணத்துக்காக அட்மிட் ஆனாலும் நீரை எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம், அதுவும் 12 மணி நேரத்துக்குள். தாமதமானவர்களில் இறப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேரத்தோடு கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஆன்டிபயாடிக்கோடு ஆல்புமினும் ஏற்றியபோது சிறுநீரகம் பழுதாவது 33 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்ததை 1999இல் ஸ்பெயினில் செய்து காட்டினார்கள்.

மூச்சு முட்டும் அளவுக்கு நீர் சேர்ந்து அதிகம் எடுக்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 8 கிராம் வீதம் ஆல்புமின் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கிச் சிறுநீரகம் அடிவாங்கும். 'நீர் எடுத்ததால்தான் போய்ச் சேர்ந்தார்' என்று சொல்லப்படும் கதைகளில் சிலவற்றுக்குப் பின்னால் இந்த விடுபட்ட ஆல்புமின் இருக்கலாம்.

வீட்டில் ஒரு நோட்டு

காலையில் கழிவறை போய் வந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், அதே மாதிரி உடையில் எடை பாருங்கள். இதைவிட மலிவான, நம்பகமான கணிப்புக் கருவி எனக்குத் தெரியாது. ஒரே நாளில் ஒரு கிலோவோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறினால் நீர் சேர்கிறது. நாளொன்றுக்கு அரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் மாத்திரை அதிகம். வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. காற்று உப்பினாலும் ஏறும்.

எடைக்குப் பக்கத்தில் ரத்த அழுத்தம் (மேல் எண் 90க்குக் கீழே போனால் உடனே சொல்லுங்கள்), மலம் எத்தனை முறை, அன்றைக்குப் பேச்சு எப்படி இருந்தது என்று ஒரு சொல். வாரம் ஒருமுறை அதே நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கையெழுத்துச் சிதைய ஆரம்பிப்பது மூளை மந்தத்தின் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம். வாந்தி, பேதி வந்த நாளில் நீர் மாத்திரையைக் கொடுப்பதா நிறுத்துவதா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த நாள் வரும்போது போன் கிடைக்காமல் போகலாம்.

மூன்று டம்ளர் கட்டுப்பாட்டை விட்டுவிடுங்கள். தண்ணீரைக் குறைக்கச் சொல்வது பொதுவாகச் சோடியம் 125க்குக் கீழே இறங்கும்போதுதான். இப்போது குறைக்க வேண்டியது உப்பு. புரதத்தையும் குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது பழைய அறிவுரை. ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் இவருக்கு வேண்டும், நீரைக் கழித்த எடைக்கு. இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் இந்தக் கல்லீரல் தசையைக் கரைத்துத்தான் சக்தி எடுக்கும்.

கரி நிறத்தில் மலம், ரத்த வாந்தி, காய்ச்சல், குழப்பம், சிறுநீர் சட்டென்று குறைவது, மூச்சுத் திணறல்: இவற்றில் எது வந்தாலும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாற்றுக் கல்லீரல் பற்றி இப்போதே பேச வேண்டுமா?

ஆமாம். நீர் கோர்ப்பதற்கு முந்தைய கட்டத்தில் ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் ஏறத்தாழ 80 சதவீதம். நீர் வந்த பிறகு அது 30 சதவீதத்துக்கு அருகில் இறங்குகிறது. ஸ்கோர் 13 என்று வந்தாலும் சரி, 18 என்று வந்தாலும் சரி, நீர் வந்ததே மாற்றுச் சிகிச்சை மையத்தில் ஒருமுறை காட்டுவதற்குப் போதுமான காரணம். காட்டுவது என்றால் உடனே ஆபரேஷன் என்று பொருள் இல்லை. இதயம், சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் தாங்குமா என்று பார்க்கவே மாதங்கள் ஆகும். நிலைமை முற்றிய பிறகு அந்த மாதங்கள் கிடைக்காது. நீர் மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போனால் டிப்ஸ் ஒரு வழி. அதில் மூளை மந்தம் கூடும் ஆபத்து இருப்பதால் அந்தத் தூக்க விஷயம் இங்கேயும் முக்கியம். கல்லீரல் ஸ்கேன் கடைசியாக எடுத்து ஆறு மாதம் ஆகிவிட்டிருந்தால் போர்ட்டல் குழாயையும் சேர்த்துப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனாக எடுத்துவிடுங்கள்.

அப்பாவிடம் சொல்வதா?

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உப்பைக் குறைக்க வேண்டியவர் அவர், தினமும் எடை பார்க்க வேண்டியவர் அவர், வலி மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்பவரும் அவர்தான். காரணம் சொல்லாமல் இவ்வளவையும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதும், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுப்பதும் அவருடைய உரிமை. அதை அன்பின் பெயரால்கூட வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் அவசரமும் இருக்கிறது. மூளை மந்தம் கூடினால் அவரால் முடிவெடுக்க முடியாத நாட்கள் வரலாம். அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில், அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும், எண்களையெல்லாம் கொட்டாமல் ஒரு கேள்வியோடு ஆரம்பியுங்கள்: "அப்பா, உங்க நோயைப் பத்தி டாக்டர் சொல்றதெல்லாம் உங்களுக்கும் தெரியணுமா, இல்லை நாங்க பார்த்துக்கட்டுமா?" என்று. தெரிய வேண்டும் என்றால் அடுத்த தடவை அவரையும் உள்ளே கூட்டிப்போங்கள், மருத்துவரே சொல்லட்டும். எனக்கு எதுவும் வேண்டாம், நீங்களே பாருங்கள் என்றால் அதுவும் அவருடைய முடிவுதான். அப்போது இன்னொன்று மட்டும் கேளுங்கள்: தன்னால் சொல்ல முடியாமல் போனால் தனக்காக யார் பேச வேண்டும்? அவர் சொல்லும் பெயரை அந்த நோட்டில் எழுதி, அவர் கையாலேயே கையெழுத்து வாங்கி, மருத்துவரிடம் காட்டிக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.